விளாஸ்தாவின் கூழாங்கல்

தலைமை தாங்கும் பதிப்பாளர் அவர்களே, பீரைத் தொடாமல் அமர்ந்திருக்கும் ப்ர்னோ நகரத்துக் கவிஞர் பெருமக்களே! கவிஞர்கள் பீரைத் தொடாத இந்த இரண்டாவது அதிசயம் நம் மதுக்கடை அரங்கின் வரலாற்றில் நிகழக் காரணமான கவிஞர் விளாஸ்தா ஹுடெச்கோவா இன்று நம்மிடையே இல்லை.

முழங்காலைப் பற்றி அவர் எழுதினால் நம் மொராவியா மாநிலம் முழுவதும் நொண்டியது! கல்லீரலைப் பற்றி வாசித்த அன்று இந்த மதுக்கடையில் நாற்பது பேர் தேநீர் கேட்டார்கள்! அது முதல் அதிசயம். உடம்பை அவரைப் போல எழுதியவர் யார்? அதை என்னைப் போல விளக்கியவர்தான் யார்?

அங்கேதான், நண்பர்களே, என் தலை குனிகிறது.

'இடது மார்பில் ஒரு கூழாங்கல்' என்று ஒரு கவிதை கொடுத்தார். நான் பதினான்கு பக்க முன்னுரை எழுதினேன். அந்தக் கல் ஐரோப்பாவின் மனசாட்சி என்றேன், நூற்றாண்டின் மௌனம் என்றேன். எழுதியதைப் படித்து நானே இரண்டு முறை அழுதேன்!

அச்சுக்குப் போகும் முன் இதே மேசையில் விளாஸ்தா மெல்லக் கேட்டார்: "ஓதா, அது நெசமாவே இருக்குடா. தொட்டா தட்டுப்படுது. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல கவிதைன்னா அப்படித்தான் விளாஸ்தா, தொட்டா தட்டுப்படணும்!" சொல்லிவிட்டு அவர் கோப்பையை நிரப்பினேன். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவரும் சிரித்தார்.

ஐந்து மாதம் கழித்துத் தனியாகப் போனார். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றாராம் மருத்துவர்.

அந்தக் கல்லை எத்தனை பேர் படித்தோம்! ஒருவராவது "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டோமா? விருது கொடுத்தோம், ஐயா, விருது!

புதிய பதிப்பில் என் முன்னுரை இருக்காது. விளாஸ்தாவின் வரிகள் மட்டும் இருக்கும். இது சத்தியம்.

இன்னொன்று. மூன்றாம் வரிசையில் இருக்கும் போஹுஷ்! போன வாரம் நீ அனுப்பிய கவிதையில் உன் நெஞ்சுக்குள் ஒரு ட்ராம் சிக்கி நிற்கிறது, படியேறினால் மணியடிக்கிறது. 'அபாரமான நகரப் படிமம்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டேன், பாவி! எழுந்திரு. கோட்டை மாட்டு. வாசலில் டாக்ஸி நிற்கிறது.

"யோவ் ஓதா, அது வெறும் உருவகம்யா!"

அதை டாக்டர் சொல்லட்டும். வா.