எங்கடா சுட்டே?

ஹலோ... ஆங், சொல்லுடா. சீக்கிரம் சொல்லு, வெளியில ரெண்டு கட்சிக்காரங்க கேஸ் கட்டோட உக்காந்திருக்காங்க... என்னது? சத்தமாப் பேசு. பின்னாடி என்ன அது கரகரன்னு... லென்ஸ் அரைக்கற மிஷினா? அதை நிறுத்திட்டுப் பேசேன்... ஏன், ஏன் நிறுத்தக் கூடாது?... யாருக்குக் கேட்டுடும்?

போலீஸா? கண்ணாடி வாங்கவா?

இரு, இரு. மூச்சு விட்டுட்டுப் பேசு. சைபர் கிரைம்னு அவங்களே சொன்னாங்களா?... கார்டு காட்டினாங்க. சரி. ரெண்டு பேர். சரி... இப்ப எங்க இருக்காங்க?... முன்னாடி கடையில. நீ பின்ரூம்ல மிஷினை ஓட்டிவிட்டுட்டு, அந்தச் சத்தத்துல எனக்குப் போன் பண்றே. ரொம்பப் புத்திசாலிடா தம்பி நீ. என்ன சொல்லிட்டு உள்ள வந்தே?... ஒரு லென்ஸ் பாதியில நிக்குதுன்னு. அது பொய்யா?... நிஜமாவே நிக்குதா. அப்ப சரி. இன்னைக்கு ஒரு பொய்கூட வேண்டாம்.

ஒரு நிமிஷம். ஏம்மா, அந்தக் கதவைச் சாத்து. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வை, வேர்க்குது. அவங்களை இன்னும் கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லு... இல்ல இல்ல, கோர்ட் இல்ல, என் தம்பிதான்.

ம், சொல்லு. எதுக்காம்?... கிரிப்டோ. ஆமா, நீ கொஞ்ச நாளா அதைத்தானே பேசிக்கிட்டுத் திரிஞ்சே. அதுக்கென்ன?... திருட்டா? நீ வாங்கின காயினா? யார்கிட்டேருந்து திருடினதாம்?... ரிட்டயர் ஆன டீச்சர். ம். அந்தம்மா போனுக்குள்ள எவனோ புகுந்து, வச்சிருந்ததை மொத்தமா வழிச்சு எடுத்துட்டான். ஐயோ பாவம்... அது கை மாறி கை மாறி உன் வாலட்ல வந்து நிக்குது. ஆமா, அதெல்லாம் தெரிஞ்சுடும்டா. நோட்டுன்னா யார் கையிலேருந்து வந்துச்சுன்னு தெரியாது. இது ஒவ்வொரு கையா எழுதி வச்சுக்கிட்டே வரும்.

நீ யார்கிட்ட வாங்கினே?... எந்த நீச்சல்?... ஓ. காலையில குளத்துல உன்கூட நீந்தற ஆளு. சரி, அவன் பேரு?... பேரே தெரியாதா? போன்லயும் "நீச்சல்"னுதான் போட்டு வச்சிருக்கியா? டேய், அந்த ஆளை நீ சட்டை போட்டு ஒரு தடவையாவது பார்த்திருக்கியா?... சிரிக்காதே, நான் சிரிக்கலை. அவன் இப்ப எங்கே?... குளத்துக்கு வரதே இல்லை. போனும் அணைஞ்சு கிடக்கு. வருவானா, பின்னே.

என்ன விலைக்குக் குடுத்தான்?... மார்க்கெட் விலையைவிடக் கம்மியா. எவ்வளவு கம்மி?... கால்வாசியா? அதுவும் கையில ரொக்கமா? ஏன் அவ்வளவு கம்மியாக் குடுக்கறேன்னு கேட்டியா?... அவசரம்னான். எல்லாருக்கும் அவசரம்தான்.

இரு, நான் ஒண்ணு கேக்கறேன். உன் கடைக்கு ஒருத்தன் பை நிறைய பிரேம் கொண்டாந்து, பில் இல்லை, பாதி விலைக்கு எடுத்துக்கங்கன்னா, எடுப்பியா?... மாட்டே. ஏன்?... ஆங். சொன்னே பாரு. அதையேதான் அவங்களும் உன்னைக் கேக்கப் போறாங்க. பிரேமுக்குத் தோணினது காயினுக்கு ஏன் தோணலைன்னு.

இல்லடா, திட்டறேன்னு நினைக்காதே. கேளு. தெரியாம வாங்கினா உடனே நீ திருடன் ஆயிட மாட்டே. காயின் போயிடும், அது அந்த டீச்சரோடது. நீ குடுத்த பணத்துக்கு அந்த நீச்சலைத்தான் தேடணும், அது கிடைக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. அதோட முடியும். ஆனா உனக்குச் சந்தேகம் இருந்தும் வாங்கினேன்னு அவங்க காட்டிட்டா, அது வேற. உள்ள போற விஷயம். ஆமா... ஆமா, ஜெயில்தான். வேற எதை உள்ளன்னு சொல்வேன்.

என்ன முழுங்கறே?... சொல்லுடா... மெசேஜா? அவனுக்கா? படி. அப்படியே படி, ஒரு எழுத்து மாத்தாம.

...

இன்னொரு தடவை படி.

"எங்கடா சுட்டே?" அப்புறம் சிரிக்கற பொம்மை ரெண்டு... கம்மி விலை சொன்னதும் அனுப்பியிருக்கே. அதுக்கு மறுநாள் பணம் குடுத்திருக்கே.

எனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியாதா அது கிண்டல்னு? நம்ம வீட்ல புதுச் செருப்பு போட்டாக்கூட அதைத்தானே கேப்போம். அப்பா எனக்கு முதல் கறுப்புக் கோட்டு வாங்கிட்டு வந்தப்போ, அதைப் பார்த்துட்டு நீ அவரையே கேட்டே. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். ஆனா கோர்ட்ல ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. கறுப்பு மையில அச்சடிச்சு நீட்டும்போது அது கிண்டலா இருக்காது, ஒப்புதல் வாக்குமூலமா இருக்கும்.

அழிக்காதே... அழிக்காதேன்னா அழிக்காதே! அது கிண்டல்னு நான் ஆயிரம் வாதம் பண்ணலாம். போலீஸை முன்னாடி உக்கார வச்சுட்டுப் பின்னாடி போய் அழிச்சேன்னா, அதுக்கு என்ன வாதம் இருக்கு? கிண்டலை யாராவது அழிப்பாங்களா? காயினையும் எங்கயும் நகர்த்தாதே... உன் வீட்டுக்காரி பேருக்கா? ஏன், அவளும் உன்கூட வந்து உக்காரணுமா? வச்ச இடத்துல இருக்கட்டும்.

என்ன அது? யாரு தட்டறது?... வரேன்னு சொல்லு. மரியாதையாச் சொல்லு... போயிட்டாங்களா? இன்னொருத்தர் என்ன பண்றார்?... கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொரு பிரேமாப் போட்டுப் பார்க்கறாரா? பார்க்கட்டும், பார்க்கட்டும். இலவசமாக் குடுத்துத் தொலைக்காதே, அது இன்னொரு கேஸ் ஆயிடும்.

சரி, இதை மனசுல வாங்கிக்கோ. தெரியாம வாங்கினது ஒண்ணு. தெரிஞ்சப்புறமும் வாயை மூடிக்கிட்டு வச்சிருக்கறது வேற. முதல்ல சொன்னதுக்கு நான் உன் பக்கத்துல நிப்பேன். ரெண்டாவதுக்கு எந்த வக்கீல் வந்தும் பிரயோஜனம் இல்லை. உனக்கு இப்பத் தெரிஞ்சு போச்சு. இந்த நிமிஷத்துலேருந்து உனக்குத் தெரியாதுன்னு நீ சொல்ல முடியாது. புரியுதா?... ஆமா. போய் மொத்தத்தையும் சொல்லு. வாங்கினது எவ்வளவு, இருக்கறது எவ்வளவு, செலவானது எவ்வளவு...

ஏன், மொத்தமும் இல்லையா?... வேற யாருக்காவது குடுத்தியா?

யாருக்குடா?

ஹலோ?... லைன்ல இருக்கியா? மிஷின் சத்தம் கேக்குது, உன் சத்தத்தைத்தான் காணோம்... உன் வீட்டுக்காரிக்கா?... பின்னே?

எனக்கா?

...

எப்போ?... பொறந்தநாளுக்கு. ஆமா... ஆமா, என் போனை வாங்கி நீதான் ஏதோ ஆப் ஏத்தி விட்டே. நான் அதைத் தொட்டதுகூட இல்லை... அதுல கொஞ்சத்தை நீயே வித்து என் அக்கவுண்ட்ல போட்டே. "ஆபீஸ்ல கிடந்து வேகறியே அக்கா, ஒரு ஏசி போட்டுக்கோ"ன்னு... மீதி இன்னும் அந்த ஆப்லயே இருக்கா?... இருக்கு. என் போன்ல. இப்ப என் காதுல வச்சிருக்கற இந்தப் போன்ல.

ஏம்மா... அந்த ஏசியை நிறுத்து. கூட்டச் சொன்னேன், தெரியும். இப்ப நிறுத்தச் சொல்றேன்... வேர்த்தா வேர்க்கட்டும்மா.

இல்லடா, ஒண்ணும் இல்லை. தண்ணி குடிச்சேன்.

அவங்களுக்குத் தெரியுமா?... உன்கிட்டேருந்து எங்க போச்சுன்னு இன்னும் பார்க்கலையா... என்னைப் பத்திக் கேக்கவே இல்லை. ம்... ம். கேக்காத வரைக்கும் நீயாச் சொல்ல மாட்டே. ம்... இல்ல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். யோசிக்கறேன்.

என்ன? இப்ப என்ன சொன்னே? எதை அழிக்கறே? உன் மெசேஜைத் தொடாதேன்னு இப்பத்தானே சொன்னேன்... உன்னோடது இல்லையா?

நான் உனக்கு என்னடா அனுப்பினேன்? அது எப்பவோ... பொறந்தநாள் அன்னைக்கா. படி... டேய், படின்னு சொன்னேன்.

...

"எங்கடா சுட்டே?"

நானா... பொம்மை எத்தனை?... அஞ்சா.

அப்ப அதுக்காகத்தான் மிஷினை ஓட்டிட்டு உள்ள வந்தியா? உன்னோடதை அழிக்க இல்லை. என்னோடதை அழிக்க. உன்னோடது அங்கயே கிடக்கட்டும்னு... ஏன்டா? உனக்கு ரெண்டு பொம்மைக்கே இவ்வளவு பயம்... அழாதே. டேய், அழாதே. இப்ப நானும் அழுதா, வெளியில இருக்கறவங்க வேற வக்கீலைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க.

ரெண்டு பேரும் அழிச்சிடலாம்ங்கறியா?... ஆமா, என் போன்லயும் இருக்கும். ஒரு விரல்தான், அழுத்தினாப் போயிடும். உன்கிட்ட மறைக்கலை, நீ சொல்லாம விட்டுடறேன்னதும் சரின்னு சொல்லத்தான் எனக்கு வாய் வந்துச்சு. பயமா இருக்குடா. இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை பேருக்கு நான் இதைச் சொல்லியிருப்பேன், ஒண்ணையும் அழிக்காதீங்க, போய்ச் சொல்லிடுங்கன்னு. எவ்வளவு சுலபமாச் சொல்லியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது.

வேண்டாம். கையை எடு... எடுத்துட்டியா? நான் வக்கீல்டா. சொன்னேன்னா என் கோட்டைக் கழட்டச் சொன்னாலும் சொல்வாங்க. அது அவங்க கழட்டறது. அழிச்சேன்னா நானே கழட்டி ஆணியில மாட்டின மாதிரி. அதுவும் அந்த டீச்சர்... அவங்களுக்கு ஏசி இருக்கோ இல்லையோ. அவங்க சேர்த்து வச்ச காசுல நான் குளிரக் குளிர உக்காந்து நியாயம் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

கேளு. இனிமே நான் உனக்கு வக்கீலா வர முடியாது. நானும் உன் வரிசையிலதான் நிக்கறேன். என் சீனியர் இருக்காரே, கத்துவாரே, அவரை அனுப்பறேன். கத்தட்டும், வாங்கிக்கோ. அவர் வர வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லு, கேக்காததை அளக்காதே... ஆமா. ஆமா, நான் வருவேன். வக்கீலா இல்லைன்னா உனக்கு அக்காவா வரத் தெரியாதா?

மிஷினை நிறுத்து... ம். இப்பத்தான் உன் மூச்சே கேக்குது. முகத்தைத் துடைச்சுக்கோ. வெளியில போ. அந்த ரெண்டு போலீஸ்ல பெரியவர்கிட்டப் போனைக் குடு... குடுடா. இந்த ஒரு தடவை நான் சொன்னதைக் கேளேன். அக்கா பேசணுமாம்னு மட்டும் சொல்லு. வக்கீல்னு சொல்லாதே... ம். போ.

...

ஹலோ... வணக்கம் சார். ஆமா சார், இவனோட அக்கா... ஆமா, அதே வக்கீல்தான். உங்க ஸ்டேஷனுக்கு முன்னாடி வந்திருக்கேன்... இல்ல சார், அவனுக்காகப் பேசலை. அவனுக்கு வேற ஒருத்தர் வருவார். இப்ப நான் வக்கீலாவே பேசலை.

சார், கையில பேனா இருக்கா?... கேட்டு வாங்கிக்குங்க, அவன் கடையில மேஜை மேலயே இருக்கும். எழுதிக்குங்க. அந்த டீச்சரோட காயின்ல கொஞ்சம் என்கிட்ட இருக்கு. கொஞ்சத்தை வித்து வந்த பணத்தைச் செலவும் பண்ணிட்டேன்... ஆமா. இல்ல சார், எனக்குத் தெரியாது. இப்பத்தான், இந்தப் போன்லதான் தெரிஞ்சது... மெசேஜும் இருக்கு. அவனுக்கு நான் அனுப்பினது. அழிக்கலை, ரெண்டு போன்லயும் அப்படியே இருக்கு. கிண்டலா அனுப்பினது சார். நீங்க நம்பணும்னு இல்லை, பார்த்துக்குங்க.

ஆபீஸ்லதான் இருப்பேன். எப்ப வேணா வாங்க. கதவு திறந்துதான் இருக்கும்... ஆமா சார். வந்தா கொஞ்சம் வேர்க்கும். இங்க ஏசி ஓடலை.

வைக்கறேன் சார்.