பூட்டி அனுப்பிய படிவம்

நிரப்பிய படிவத்தை யாருக்கும் அப்படியே அனுப்பக் கூடாது சார், பூட்டித்தான் அனுப்ப வேண்டும். என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வது இதைத்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிரிண்ட் கொடுக்கும்போது பிரிண்டருக்குப் பதிலாக பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் போதும். கட்டங்கள் போய் எழுத்து மட்டும் நிற்கும். அப்புறம் யார் தொட்டாலும் ஒரு புள்ளிகூட நகராது. இந்த வாக்குமூலத்தையும் நீங்கள் அப்படிச் செய்துவிடுவது நல்லது.

இந்தப் பாடம் எனக்கு அக்காவால் வந்தது. ஒரு கப்பல் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்து, வெளியூரில் வந்து சேரச் சம்மதமா என்று படிவம் அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் சம்மதம் என்று குறித்து, அனுப்பிவிடச் சொல்லி பென் டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். அப்போது எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அவள் அதைத் திறந்து 'சம்மதமில்லை' என்று மாற்றி அனுப்பிவிட்டாள். அழைப்பு வராமல் நான் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது.

"நீ போயிட்டா படுத்த படுக்கையா இருக்கற அம்மாவ யாருடி பாத்துப்பா? எனக்குன்னு குடும்பம் இருக்கு. ஒரு டிக்கை மாத்தினதுக்கு இவ்வளவு ரகளையா?" என்று சிரித்தாள்.

அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டேன், நாற்றமடித்த விரிப்புகளைத் துவைத்தேன். அக்கா லீவு நாட்களில் ஆப்பிளோடு வந்து, அம்மா இளைத்துவிட்டாள் என்று என்னைக் குறை சொல்லிவிட்டுப் போவாள். அம்மா போன பிறகு எந்தக் கம்பெனியும் கூப்பிடாத வயதுக்கு நான் வந்திருந்தேன். அக்கா மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் அவளுக்கு மூட்டு ஆபரேஷன். அத்தானுக்கு வெளியூரில் வேலை என்பதால் கூட இருக்க என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிப் படிவத்தையும் என்னிடமே கொடுத்தாள். ஊருக்கே நிரப்பிக் கொடுப்பவள் நான்தானே.

அதில் 'ஒத்துக்கொள்ளாத மருந்துகள்' என்று ஒரு கட்டம். அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாதவை நிறைய உண்டு. என் சம்பாத்தியம், என் சிநேகிதிகள், நான் புதுப்புடவை கட்டுவது. மருந்தில் ஒன்றுதான், பென்சிலின். சின்ன வயதில் ஒரு ஊசி போட்டு, முகம் வீங்கி மூச்சு முட்டி, பிழைத்ததே பெரும்பாடு. அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. பூட்டி, ஆஸ்பத்திரிக்கும் அவளுக்கும் அனுப்பினேன்.

அக்கா போன் செய்தாள். "ஏய், பென்சிலின் விட்டுப்போச்சுடி. நானே போட்டுடலாம்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறேன், கீபோர்டே வரமாட்டேங்குது."

"பூட்டியாச்சுக்கா. நாளைக்கு நர்ஸ்கிட்ட நானே சொல்லிடறேன்."

"மறந்துடாத. சரி, நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்."

மறுநாள் கொடுத்த மாத்திரையில் அவளுக்குக் கண் செருகியிருந்தது. நர்ஸ் என்னிடம் வந்து, "ஃபார்ம்ல இருக்கறதுதானே? வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். போர்வையை அக்காவின் பாதம் வரை இழுத்துவிட்டேன். அவளுக்குக் குளிர் ஆகாது.

பென்சிலின் ஊசி போட்ட பிறகு நடந்தது உங்களிடம் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டாக இருக்கிறது. அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது பக்கத்தில் இருந்தாயே என்று அழுதார்.

அவசரத்தில் தவறாக அடித்துவிட்டேனா என்று கனிவாகக் கேட்டீர்கள். நான் தவறாக அடிப்பதில்லை சார். முதலில் பென்சிலின் என்றுதான் அடித்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு 'இல்லை' என்று போட்டேன். அடுத்தவர் எழுதியதில் கை வைக்கிற பழக்கம் மட்டும் அக்காவுக்கு இல்லாமல் இருந்திருந்தால், நான் அதைப் பூட்டியே இருக்க மாட்டேன்.