முப்பத்தாறுக்கு முப்பத்தெட்டு

கழித்தல்: …நூத்தஞ்சரை சதவீதம். சிரிக்காதீங்க சிஸ்டர்.

சிஸ்டர்: சிரிக்கலையே தம்பி. இருமல்.

கழித்தல்: இருமலுக்கு இவ்வளவு பல்லு தெரியாது.

வாயாடி: நூத்தஞ்சரைன்னா நல்லதுதானே சார்? போன தடவை தொண்ணூத்தி நாலுக்கே மேலிடத்துலேருந்து பாராட்டு வந்துச்சு. இந்தத் தடவை கைதட்டிக் கைதட்டி அவங்களுக்குக் கையே வீங்கிடும்.

கழித்தல்: கை வீங்காது. என் மூஞ்சிதான் வீங்கும். இருக்கிறது முப்பத்தாறு குழந்தைங்க. அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருந்து பொறந்து, இந்த மூணு மாசத்துல ஒன்றரை வயசு தொட்டவங்க. அத்தனை பேருக்கும் கடைசி டெஸ்ட் எடுக்கணும். எடுத்திருக்கிறது எத்தனை?

வாயாடி: எத்தனை?

கழித்தல்: முப்பத்தெட்டு! பொறந்ததை விட டெஸ்ட் எடுத்தது அதிகம்.

சிஸ்டர்: ரெண்டு பேரு அவசரப்பட்டு, பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருப்பாங்க.

வாயாடி: பொறுப்பான புள்ளைங்க.

கழித்தல்: ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துட்டீங்களா? அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போகணும். இப்ப மணி மூணே முக்கால்.

சிஸ்டர்: அப்படியே போகட்டுமே. எங்க உழைப்புல ரெண்டைப் பிடுங்கி என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்குக் கழித்தல்னு பேரு வச்சது சரியாத்தான் இருக்கு.

கழித்தல்: வச்சது யாருன்னும் தெரியும். உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்காங்களே, வாயாடி.

வாயாடி: செல்லமா வச்சேன் சார். வெயில்ல அலைஞ்சு, வீடு வீடா ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி ஆளைக் கூட்டிட்டு வர்றது நானு. நீங்க ஃபேன் காத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஒரே தட்டுல அழிச்சுடறீங்க. வயிறு எரியாதா?

கழித்தல்: எரியும். ஆனா ஒண்ணு யோசிங்க. நிஜமாவே ரெண்டு குழந்தையை நாம கண்டுபிடிக்காம விட்டுட்டோம்னு வைங்க. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எண்ணின இந்த ரெட்டை எண்ணிக்கை அவங்களை அப்படியே மூடி மறைச்சுடும். கணக்கு நிறைஞ்சிருச்சுன்னு நீங்களும் தேட மாட்டீங்க, நானும் தேடச் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தை எந்த வீட்டுல காய்ச்சலோட கிடக்குதோ…

வாயாடி: இதுக்குத்தான் உங்ககிட்ட வாயைக் கொடுக்கக் கூடாது.

சிஸ்டர்: சரிதான் தம்பி. பாருங்க. எது ரெட்டைன்னு பாருங்க.

கழித்தல்: பார்த்துட்டேன். வரிசை பதினாலு, இருபத்தாறு, முப்பத்தொண்ணு. மூணும் ஒரே கோடு நம்பர்.

சிஸ்டர்: …யாருக்காச்சும் டீ போடட்டுமா?

கழித்தல்: இப்பதானே குடிச்சோம்?

சிஸ்டர்: இன்னொண்ணு குடிச்சா அதுவும் ரெட்டை எண்ணிக்கை ஆயிடுமா?

கழித்தல்: பேச்சை மாத்தாதீங்க. பேரு ஊரெல்லாம் உங்க அலமாரில பூட்டிக் கிடக்கு. எனக்குக் கோடு மட்டும்தான். அம்மாவோட நம்பர், குழந்தை பொறந்த தேதி, ஆணா பெண்ணா, கடைசியா ஒரு இலக்கம். மூணு வரியிலயும் எல்லாம் அச்சு அசல் ஒண்ணு.

வாயாடி: ஒரே பிரசவத்துல மூணு புள்ளைங்களா இருக்கும் சார்.

கழித்தல்: அதுக்குத்தான் அந்தக் கடைசி இலக்கம். ஒரே பிரசவம்னா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரும். இங்க மூணுமே ஒண்ணு.

வாயாடி: மூணு பேருமே நாந்தான் முதல்லன்னு முண்டியடிச்சிருப்பாங்க.

கழித்தல்: விளக்கம்னு ஒரு கட்டம் இருக்கு. இதையே எழுதிடட்டுமா?

வாயாடி: எழுதுங்க. அதைப் படிச்சாவது மேலிடத்துல ஒருத்தர் சிரிக்கட்டும்.

கழித்தல்: சிரிக்க மாட்டாங்கம்மா. திங்கட்கிழமை நம்ம மையம், டெஸ்ட் எடுத்தது சிஸ்டர். புதன்கிழமை பஸ் நிலையத்து மையம். வெள்ளிக்கிழமை மில்லுக்குப் பக்கத்து மையம். ஒரே வாரம். டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லி மூணு இடத்துக்கும் எழுதிக் கொடுத்த சீட்டு இதோ, என் கையில. மூணும் ஒரே கையெழுத்து.

வாயாடி: காட்டுங்க… ச்சே, கோழி கிண்டின மாதிரி இருக்கு. யாரு கையெழுத்து?

கழித்தல்: மேல, எழுதின களப்பணியாளரோட கள எண் ஏழுன்னு போட்டிருக்கு. ஏழு யாரு?

வாயாடி: ஏழு நல்ல எண் சார்.

கழித்தல்: ஏழு நீங்க.

வாயாடி: அதனாலதான் நல்ல எண்ணுன்னு சொன்னேன்.

சிஸ்டர்: தம்பி, அந்த மூணாவது சீட்டு ஓரம் ஏன் பிஞ்சிருக்கு?

கழித்தல்: பிய்யலை. யாரோ கடிச்சிருக்காங்க. நாலு பல்லு பதிஞ்சிருக்கு.

வாயாடி: குழந்தைதானே. எதைக் கொடுத்தாலும் வாயில வைக்கும். பொல்லாத குழந்தை போல.

கழித்தல்: விளையாட்டு இல்லம்மா. போன மாசம் வந்த சுற்றறிக்கை ஞாபகம் இருக்கா? ஒரே ஆளுக்கு ஒண்ணுக்கு மேல சீட்டு எழுதின கள எண்ணை உடனே நிறுத்தி வைக்கணும். விசாரணை முடியற வரைக்கும் அந்த ஆள் வேலைக்கு வரக் கூடாது. பக்கத்து மையத்துல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பியே வச்சுட்டாங்க. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட ஒரே ஆளை ஊர் ஊரா கூட்டிட்டுப் போயிருக்கார்.

வாயாடி: நான் கூட்டிக் காட்டலை சார்.

கழித்தல்: அப்ப ஏன் மூணு சீட்டு?

வாயாடி: …அந்த அம்மா கேட்டாங்க.

கழித்தல்: கேட்டா எழுதிக் கொடுத்துடறதா? எத்தனை கூட்டத்துல நீங்களே நின்னு பாடம் எடுத்திருக்கீங்க, ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுன்னு?

வாயாடி: எடுத்திருக்கேன். கரும்பலகையில எழுதியே போட்டிருக்கேன்.

கழித்தல்: அப்புறம்?

வாயாடி: அப்புறம்… மூணு சீட்டு எழுதிட்டேன்.

சிஸ்டர்: தம்பி, திங்கட்கிழமை டெஸ்ட் எடுத்தது நான். ஒண்ணுமில்லம்மா, நெகட்டிவ்னு சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு என் முகத்தையே பார்த்துட்டு இருந்தா. நம்பலை. எழுந்து போயிட்டா.

கழித்தல்: உங்களையே நம்பலையா? நீங்க ஊசி வலிக்காதுன்னு சொன்னா வயசானவங்களே நம்பறாங்க.

சிஸ்டர்: தெரிஞ்சவங்க ஆறுதலுக்குச் சொல்லுவாங்கன்னு ஒரு பயம் இருக்குமில்ல?

கழித்தல்: சரி. அப்ப ஒரே வழி. அந்த அம்மாவை வரச் சொல்லி, என் விருப்பத்துலதான் போனேன்னு ஒரு வரி எழுதி வாங்கிடுவோம். பேரு, கையெழுத்தோட.

வாயாடி: முடியாது சார்.

கழித்தல்: உங்க வேலை போகும்மா.

வாயாடி: போகட்டும். பேரை மட்டும் கேக்காதீங்க. அந்த அம்மாவுக்கு இருக்கிற வியாதி அவங்க தெருவுல யாருக்கும் தெரியாது. வேலை பார்க்கிற இடத்துல தெரியாது. ஒரு காகிதத்துல பேரு ஏறிட்டா அது எங்கெங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?

கழித்தல்: தெரியும்.

வாயாடி: என் எண்ணை நிறுத்திக்கோங்க. ஏழு இல்லாட்டி எட்டு வருவாங்க. வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

சிஸ்டர்: ஏய், சும்மா இரு. எட்டு வந்தா இங்க யாரு வாயடிக்கிறது?

கழித்தல்: ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் பேசாம இருங்க.

சிஸ்டர்: அதான் இருக்கோமே.

கழித்தல்: இதுவா பேசாம இருக்கிறது? …இங்க பாருங்க. எண்ணிக்கையைக் கூட்டணும்னு நினைக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? கோடை மாத்தி எழுதுவாங்க. பொறந்த தேதியில ஒரு நாள் தள்ளிப் போட்டாக்கூடப் போதும், எனக்குக் கடைசி வரை தெரிஞ்சிருக்காது. நீங்க இந்த வேலையில எத்தனை வருஷம்?

வாயாடி: நாலு.

கழித்தல்: நாலு வருஷமா இந்தக் கோடு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவங்க. ஆனா மூணு சீட்டுலயும் அதே கோடு. ஒரு இலக்கம் கூட மாறலை. ஏன்?

வாயாடி: …அவனோட கோடு சார் அது. அதை மாத்த எப்படி மனசு வரும்?

கழித்தல்: போதும். எனக்கு இது போதும்.

சிஸ்டர்: என்ன எழுதறீங்க?

கழித்தல்: விளக்கம். “முடிவை உறுதிப்படுத்திக்கொள்ளத் தாய் தாமாகவே மூன்று மையங்களுக்குச் சென்றார். குறியீடு மூன்றிலும் மாற்றமின்றி உள்ளது. களப்பணியாளர் எண்ணிக்கையைக் கூட்ட முயலவில்லை. இதற்கு நான் பொறுப்பு.” கீழ என் கையெழுத்து.

வாயாடி: சார்… நாளைக்கு உங்களைக் கேட்டாங்கன்னா?

கழித்தல்: கேக்கட்டும். வருஷம் பூரா கழிச்சவன் ஒரு நாள் ஒருத்தரை நம்பினா குடி முழுகிடாது.

சிஸ்டர்: அட! கழித்தலுக்குள்ளயும் ஒரு மனுஷன் ஒளிஞ்சுட்டு இருந்திருக்கான்.

கழித்தல்: ரொம்பப் பாராட்டாதீங்க, வேலை இருக்கு. இப்ப நிஜமான கணக்கைப் பார்க்கணும். மூணை ஒண்ணாக்கினா முப்பத்தெட்டுல ரெண்டு போகுது. மிச்சத்தை ஒவ்வொரு கோடா அந்த முப்பத்தாறு குழந்தைங்க பட்டியலோட ஒத்துப் பார்க்கிறேன். யாராவது விட்டுப்போயிருந்தா இப்பத் தெரிஞ்சிடும்.

சிஸ்டர்: நானும் பக்கத்துல வந்து பார்க்கிறேன்.

வாயாடி: நானும்.

கழித்தல்: இருபது… இருபத்தஞ்சு…

சிஸ்டர்: மெதுவாப் போங்க தம்பி.

கழித்தல்: மெதுவாத்தான் போறேன். முப்பது… இது யாரு, மருந்து ஆரம்பிச்ச குழந்தையா?

சிஸ்டர்: ஆமா. ரெண்டு பேருக்கு ஆரம்பிச்சிருக்கோம். நல்லா எடை ஏறியிருக்காங்க. ஒருத்தி என் மூக்குக் கண்ணாடியையே பிடுங்கிட்டா.

கழித்தல்: முப்பத்தி நாலு… முப்பத்தஞ்சு…

வாயாடி: சொல்லுங்க சார்! ஏன் நிறுத்திட்டீங்க?

கழித்தல்: …முப்பத்தாறு. முப்பத்தாறுக்கு முப்பத்தாறு! ஒருத்தர் கூட விட்டுப்போகலை.

சிஸ்டர்: நிஜமாவா?

கழித்தல்: நூறு சதவீதம் சிஸ்டர். கலப்படமில்லாத நூறு! இந்த நாற்காலியில உட்கார்ந்து ஆறு வருஷம் ஆச்சு, இப்பதான் முதல் தடவை பார்க்கிறேன்.

சிஸ்டர்: டீ இல்ல, இன்னிக்குப் பாயசமே போடலாம்!

வாயாடி: சார், நாற்காலியில ஏறி நிக்காதீங்க. அதுக்கு ஒரு கால் ஆட்டம்.

கழித்தல்: ஆடட்டும்! …சரி, இறங்கிட்டேன். கடைசி வேலை. முதல்ல எடுத்த டெஸ்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு, இருபத்தாறையும் முப்பத்தொண்ணையும் அழிக்கணும். அழிச்சுடறேன்.

வாயாடி: சார்… ஒரு நிமிஷம்.

கழித்தல்: என்னம்மா?

வாயாடி: அழிக்கறதுக்கு முன்னாடி அந்த மூணு வரியையும் சத்தமாப் படிங்களேன்.

கழித்தல்: மணி நாலரை ஆச்சு.

சிஸ்டர்: படிங்க தம்பி. கேக்குறா இல்ல?

கழித்தல்: படிக்கிறேன், படிக்கிறேன். வரிசை பதினாலு. ஆண். வயசு ஒன்றரை. நெகட்டிவ்.

வாயாடி: அடுத்தது.

கழித்தல்: இருபத்தாறு. ஆண். ஒன்றரை. நெகட்டிவ்.

வாயாடி: ம்… அடுத்தது.

கழித்தல்: முப்பத்தொண்ணு. ஆண். ஒன்றரை. நெகட்டிவ். …என்ன சிஸ்டர், நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க? ஏம்மா, அதேதாம்மா. எத்தனை தடவை படிச்சாலும் மாறவா போகுது? எதுக்கு இது?

வாயாடி: சும்மா கேக்கணும்னு இருந்துச்சு சார். முதல் தடவை சிஸ்டர் சொன்னாங்க, நம்பலை. ரெண்டாவது தடவை அழுதுட்டே இருந்தேன், காதுலயே விழலை. மூணாவது தடவை அவன் சீட்டைக் கடிச்சுத் தின்னுட்டு இருந்தான், அதைப் பிடுங்கறதுலயே போயிடுச்சு. இப்பதான் நிம்மதியா உட்கார்ந்து முழுசாக் கேட்டேன். அழிச்சுக்கோங்க சார். அது என் பையன்.