நின்றுதான் இருந்தது

குளிர்காலத்தில் ட்ரோனின் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். கொரியாவில் எங்கள் குமி நகரத்துக் குளிர் அப்படி. பறக்கவிடுமுன் பேட்டரியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சற்றுச் சூடேற்றுவது என் வழக்கம். அன்றும் சூடேற்றினேன். ஆகவே சார்ஜ் தீர்ந்து விழுந்துவிட்டது என்று போலீஸ் அறிக்கையில் நீங்கள் எழுத வேண்டாம், ஐயா. அது விழவே இல்லை. நான்தான் இறக்கினேன்.

தொழிற்சாலையில் என்னை 'பிரேக் அண்ணன்' என்பார்கள். கியூசிக் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கைப்பேசிக்கான சர்க்யூட் போர்டு செய்கிற இடம்; பாதுகாப்பு என் பொறுப்பு. ஒவ்வொரு ரோபோ கையும் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். கதவைத் திறந்தால் கை நின்றுவிடும். கதவில் ஒரு உலோக நாக்கு உண்டு. அது பூட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் இயந்திரம் பார்க்கும். உபரி நாக்கு ஒன்றைப் பூட்டில் செருகிவிட்டால், கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மூடியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு வேலை செய்யும். பாவம், அதற்கு அவ்வளவுதான் அறிவு.

சாங்பே வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுது பார்க்க உபரி நாக்கு செருகித் திறந்து வைத்திருந்த கூண்டில், அசையாமல் நின்ற ரோபோவின் கீழே கையை விட்டான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்தது. மறுகணம் ரோபோவின் கை அந்த இடத்தில் இறங்கியது.

"நிக்கிறது வேற, அணைச்சு வெச்சிருக்கிறது வேறடா. அது போர்டுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது" என்றேன்.

"இனிமே என் உசுரு உங்க கையிலதாண்ணே" என்றான். அன்று பன்றி எலும்புச் சூப்புக் கடையில் என்னைக் காசு எடுக்க விடவில்லை. அதற்குப் பிறகு குளிர்காலம்தோறும் அவன் மனைவி போட்ட கிம்ச்சி ஊறுகாய் என் வீட்டுக்கு வரும். எனக்குத் தம்பி இல்லை. அந்தக் குறையை நான் மறந்திருந்தேன்.

பிறகு நிர்வாகம் வேகம் கேட்டது. நான்கைந்து கூண்டுகளில் உபரி நாக்கு செருகியிருந்ததைப் பார்த்தேன். கூட்டத்தில் பேசப்போவதாகச் சாங்பேயிடம் சொன்னேன்.

"பேசுங்கண்ணே. நான் உங்க பக்கம்" என்று என் கிண்ணத்தில் சோஜு சாராயம் ஊற்றினான்.

பேசினேன். பேசி முடித்து அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மேலாளரைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணன் நல்லவருதான் சார். வயசாயிடுச்சு, அதான். அவரோட நிழலைப் பாத்து அவரே லைனை நிறுத்திடுறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். என் நாற்காலி அவனுக்குப் போனது. எனக்குக் கிடங்கில் ட்ரோன் பறக்கவிட்டுச் சரக்குப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அதையும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆட்கள் தலைக்கு மேல் ஒருநாளும் பறக்கவிட்டதில்லை. மேலிருந்து பார்க்கையில் அந்த உபரி நாக்குகள் அப்படியே இருப்பது தெரியும். இப்போது சாங்பேதான் செருகுகிறான் என்பதும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் ஆளில்லை.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். லைனில் யாரும் இல்லை. கிடங்கை ஒட்டிய கூண்டுக்குள், ரோபோவின் காலடியில், ஒரு கீறல் படாமல் ட்ரோனை இறக்கினேன். வாக்கிடாக்கியில் சாங்பேயைக் கூப்பிட்டு, விழுந்துவிட்டது என்றேன்.

"என்னண்ணே, பிரேக்கு பிடிக்கலையா?" என்று சிரித்தான். "இருங்க, நானே எடுத்துத் தரேன். நிறுத்துற பொத்தானை அமுக்குனா மேலாளர் திரையில சிவப்பு எரியும். அப்புறம் அந்தாளு என்னையப் பிடிச்சுக் காய்ச்சுவாரு."

கீழே கிடந்த ட்ரோனின் கேமரா அணையவில்லை. என் அறைத் திரையில் முதலில் அவன் காலணி தெரிந்தது. அவனுக்கு மேலே ரோபோவின் கை, அசைவில்லாமல். பக்கத்துத் திரையில் போர்டுத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு தானோட்டி வண்டி ஒன்று கிடங்கிலிருந்து கிளம்பியிருந்தது.

"கை நின்னுதானேண்ணே இருக்கு?" என்று கேட்டான்.

கூண்டுக்குள் கால் வைக்க நான் யாருக்கும் லேசில் சம்மதம் தந்தவனல்ல. அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் என் சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"நின்னுதான் இருக்கு. போடா" என்றேன்.

"தேங்க்ஸ்ண்ணே" என்று குனிந்தான்.

வண்டி வந்து சேர்ந்தது. ரோபோ தன் வேலையைச் செய்தது. நான் வாக்கிடாக்கியை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். அன்று முள்ளங்கிச் சூப்பு.

உபரி நாக்கு அவனே செருகியது. பழி அவன்மேலேயே போனது. அதில் எனக்கு வருத்தம்தான். துக்க மண்டபத்தில் அவன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

"தேங்க்ஸ்னு சொன்னாம்மா."

நெற்றியை என் கைகளில் வைத்து வெகுநேரம் அழுதாள். ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வண்டி வருகிறது என்று தெரிந்தே அவனை உள்ளே அனுப்பினேன். சாகட்டும் என்றுதான் அனுப்பினேன். ஆனால் அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்யவில்லை. அவன் கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன்.