இரைச்சல் இல்லாத முக்கால் மணி நேரம்

டிஜிட்டல் ரேடியோவை ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, மேடம். சாமி படத்துக்குப் பக்கத்தில் அழகாக வைத்துவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று குறை சொல்வார்கள். பழைய ரேடியோ இரைச்சலோடாவது பேசும். பாதியைக் கேட்டு மீதியை நாமே ஊகித்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதுபோல வரும். இல்லையென்றால் பேச்சு பாதியில் அறுந்து ஊமையாகிவிடும்.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். என் கணவர் சக்கரபாணி கார்த்திகை தீபத்தன்று மாலை இறந்துபோனார். மேல்வீட்டில் குடியிருக்கும் அன்புச்செல்வி, தான் மெயினை அணைத்ததால்தான் அவர் போய்விட்டார் என்று நான்கு நாட்களாகச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். அவள் மீது பழி வருவது நியாயமில்லை. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ரேடியோ எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்கிறேன். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் நான் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே தங்கியிருந்த ஜெர்மன் அம்மா ஊருக்குப் போகும்போது அதை என் கையில் கொடுத்தார். எந்த வானொலி நிலையம் டிஜிட்டலில் வருகிறது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சைகையாலேயே சொல்லிக்கொடுத்தார். எனக்கென்று ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

என் கணவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் இரண்டு தாள் எழுதியிருந்தேன். மூன்றாவது தாளுக்குப் போகவிடாமல் நிச்சயம் செய்தார்கள். தாய்மாமனுக்கு உரிமை உண்டு என்றார்கள். "படிச்சி வேங்கிக்கால்ல கலெக்டரா ஒக்காரப் போறாளா?" என்று மாமா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வேங்கிக்காலில்தான் பிறகு வீடு கட்டினோம். கலெக்டர் ஆபீஸ் கட்டடம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். துணி காயப்போடும்போது பார்ப்பேன். அதற்காக எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வைத்திருந்தேன். ரசத்தில் உப்பு கம்மி என்று அதை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். பிறகும் அது பேசவில்லை.

இரண்டு வருடம் முன்பு அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. கல் உடைக்கும் கிரஷரில் மேஸ்திரியாக இருந்தவர், அத்தனை வருடத் தூசி. ஆக்சிஜன் மிஷினை வீட்டிலேயே வைத்து, மூக்கில் குழாய் மாட்டிவிடச் சொன்னார்கள். கரண்ட் போனால் மாற்றிக்கொள்ள ஒரு சிலிண்டரும் கட்டில் பக்கத்தில் இருக்கும். நான் வேலையை விட்டேன். விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விடாமல் இருக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

மிஷின் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ரேடியோ நடுநடுவே ஊமையானது. தினமும் மாலையில் ஒரு தொடர்கதை வாசிப்பார்கள். அதில் ஒரு பெண் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பஸ் ஏறுவாள். பஸ் ஏறினாள் என்பது வரைக்கும் வரும். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தவர் யார், அவள் என்ன பதில் சொன்னாள், அதெல்லாம் போய்விடும். அவள் எங்கே இறங்கினாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடத்தில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

எலக்ட்ரீஷியன் மணிவேலைக் கூப்பிட்டேன். அவன் மிஷினை ஒரு நிமிடம் அணைத்தான். உடனே ரேடியோவில் ஒரு பெண் தெளிவாகச் செய்தி வாசித்தாள்.

"ரேடியோ மேல தப்பே இல்லக்கா. அண்ணனோட மிஷின்தான் கலாட்டா பண்ணுது."

"இன்னாடா, என்னை அணைச்சிட்டு அவ பொட்டிய ஏத்தறியா?" என்றார் மாமா கட்டிலில் இருந்து. "அந்தப் பொட்டியில இன்னாடி இருக்குது? உங்கப்பன் பேசறானா?"

மணிவேல் சிரித்தான். சிரிக்காமல் இருக்க முடியாது. மாமா நன்றாகப் பேசுவார்.

மணிவேல் மறுவாரம் வந்து ரேடியோவுக்குத் தொந்தரவு வராமலிருக்க மிஷின் ஒயரில் கறுப்பாக ஒரு வளையம் மாட்டினான். பிளக்கையும் சமையலறைப் பக்கம் மாற்றினான். அதற்குப் பிறகு ரேடியோ முழுதாகச் சரியாகிவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் வேலையை அவன் அப்படித்தான் சொல்வான். பரவாயில்லாமல் இருந்தது. பரவாயில்லை என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

குளிப்பாட்டும்போது பதினைந்து நிமிடம் மிஷினை எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கதை நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் அதை ஒருநாளும் மீறவில்லை. பிறகு இருபது நிமிடம் ஆனது. இருபதில் உதடு நாவல்பழம் தின்றதுபோல ஆகும். இருபத்தைந்தில் நகங்களும் அப்படி ஆகும். அதற்குமேல் அவருக்குக் குரல் எழும்பாது. அந்தக் குரலை இருபத்திரண்டு வருடம் கேட்டிருக்கிறேன். அது எழும்பாத வீடு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒருநாள் குரல் போவதற்கு முன் கேட்டார்: "மிஷின் ஏன்டீ நின்னுது?"

"கரண்ட் போச்சு மாமா."

"ஃபேன் ஓடுதே."

"இன்வர்ட்டர்ல ஓடுது மாமா."

எங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இல்லை. அது அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து என்னை 'டீ' போட்டுக் கூப்பிடவில்லை. அருணா என்றார். ஒருமுறை அருணாதேவி என்று முழுப்பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் சொன்னதற்குப் பிறகு அதை யாரும் சொன்னதில்லை.

இனி தீபத்தன்று நடந்தது. மலை உச்சியில் தீபம் ஏறும்போது முதலில் கண்ணில் படும் வெளிச்சம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லா வீட்டிலும் மெயினை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். தீபம் பார்த்து, அகல்விளக்கு ஏற்றி, கால் மணி நேரம் கழித்துத்தான் போடுவார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் மெயின் ஒன்றுதான், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அன்புச்செல்விதான் வருடா வருடம் அணைப்பாள். அன்றைக்கு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அண்ணனுக்கு மிஷின் ஓடுதே. இந்த வருஷம் வேணாம்னு விட்டுடலாங்களா?"

"வழக்கத்த ஏன் விடணும்? சிலிண்டர் ஃபுல்லா இருக்குது. நான் மாத்திக்கறேன். நீ அணைச்சிட்டுப் போ."

"நீங்க மாடிக்கு வரலியா?"

"நான் ரேடியோவுல கேட்டுக்கறேன்."

"உங்களுக்கு அந்த ரேடியோ இருந்தா போதும்க்கா" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் கேட்டாள், நான் சொன்னேன். இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

மெயின் போனதும் மிஷின் கீ கீ என்று கத்தியது. பொத்தானை அழுத்தி அணைத்தேன். அந்தப் பொத்தானைத் திரும்ப அழுத்தாமல், கரண்ட் வந்தாலும் அது ஓடாது. சிலிண்டருக்குக் குழாயை மாற்றவில்லை. ரேடியோ பேட்டரியில் ஓடும். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

தீப வர்ணனை நேரடியாக வந்தது. மாடிகளில் எல்லாம் அரோகரா என்று கத்தினார்கள். மாமாவின் கட்டிலை ஒட்டி இரும்பு பீரோ இருக்கிறது. அவர் அதை விரல்முட்டியால் தட்ட ஆரம்பித்தார். பீரோவைத் தட்டினால் ரேடியோ அறுபடாது. அதனால் நான் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கால் மணியில் கரண்ட் வந்தது. லைட் எரிந்தது, ஃபேன் ஓடியது. வர்ணனை முடிந்து கதையின் கடைசிப் பகுதியை வாசித்தார்கள். முக்கால் மணி நேரம், ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை.

ஆறே முக்காலுக்கு ரேடியோவை அணைத்தேன். சிலிண்டரைத் திறந்து, காற்று முழுவதும் சீறி வெளியே போகும்வரை காத்திருந்தேன். பிறகு குழாயை அதில் மாட்டி அவர் மூக்கில் வைத்தேன். மாடிப்படியில் நின்று கத்தினேன். எவ்வளவு கத்த வேண்டும் என்று யோசித்துத்தான் கத்தினேன். சிலிண்டர் காலி என்று உங்கள் ஆட்கள் எழுதியது அதைப் பார்த்துத்தான். அவர்கள் மீதும் தப்பில்லை.

ஒரு கதைக்காகவா என்று நேற்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். சரி, அந்தப் பெண் கடைசியில் எங்கே இறங்கினாள் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாததைக் குறித்துக்கொண்டீர்கள். ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன், மேடம். கதையில் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில் இல்லை. வாசித்தது ஆணா பெண்ணா என்றும் சொல்லத் தெரியவில்லை.

பீரோவை அவர் நூற்று முப்பத்தேழு தடவை தட்டினார். கடைசி நான்கும் மெதுவாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு வந்தன. ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை.