முட்டிவலிப் பொட்டலம்

மூட்டை தூக்குகிறவனுக்கு முதலில் போவது முதுகு என்று வெளியில் நினைக்கிறார்கள். முட்டிதான் சார் முதலில் போகும். படி ஏறினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷம் கிடங்கில் சுமந்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் விற்ற முட்டிவலிப் பொடியில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். காய்ந்த இலைத்தூளும் ஸ்டீராய்டு மாத்திரையும். மாத்திரையை டம்ளர் அடியால் நுணுக்கிக் கலப்பேன். மூன்றே நாளில் வலி ஓடிவிடும். அதில் நான் யாரையும் ஏமாற்றவில்லை.

எங்கள் சுமைக்கூலி செட்டில் ஒரு வழக்கம். தின்ன எது வந்தாலும் கொண்டுவந்தவன்தான் முதல் வாய் போட வேண்டும். நானும் தினமும் எல்லார் முன்னாலும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொள்வேன். என்னுடையதில் வெறும் இலைத்தூள். அடையாளத்துக்கு மூலையைக் கிள்ளி வைத்திருப்பேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அந்த மாத்திரை ஆகாது.

என்னை ரொம்ப நம்பியது மச்சான்தான், தங்கை புருஷன். ஒன்றரை வருஷம் ஒரு நாள் விடாமல் தின்றார். முகம் பூசணிக்காயாக உப்பியது.

"என்னய்யா, மூட்டை தூக்கறியா, முழுங்கறியா?" என்று செட்டு ஆட்கள் ஓட்டுவார்கள்.

"வயித்தெரிச்சல் படாதீங்கடா, என் மச்சான் கைராசி" என்று என்னைக் காட்டுவார்.

ஒருநாள் சுகாதாரத் துறை வண்டி கிடங்கு வாசலில் நின்றது. ஓர் அம்மா மைக்கைப் பிடித்து, லேபிள் இல்லாத பொடி, உப்பிப்போகிற முகம், எல்லாவற்றையும் சொன்னார். எழுந்தது மச்சான்தான்.

"மேடம், இதெல்லாம் டுபாக்கூர் ஆளுங்ககிட்ட சொல்லுங்க. எங்க மச்சான் முதல்ல அவரு தின்னுட்டுத்தான் எங்களுக்கே தர்றாரு."

கை தட்டினார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை.

"சரிங்கண்ணே. ஆனா தினம் சாப்பிடறவங்க பட்டுனு நிறுத்திடாதீங்க, உசுருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட சொல்லிக் கொஞ்சங் கொஞ்சமா குறைக்கணும். அடுத்த வாரம் வந்து பொடியை வாங்கிட்டுப் போய் சோதிக்கறோம்."

அதையும் கேட்டேன். காது எனக்கு நன்றாகவே கேட்கும். அன்று சாயங்காலமே இருந்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டினேன். சரக்கு வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். எப்போதாவது வாங்கியவர்கள் உடம்பு வலியோடு தப்பித்தார்கள்.

நாலாம் நாள் மச்சான் வாந்தி எடுத்து மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? தெரிஞ்சா உடனே அதுக்கு ஊசி போட்டுடலாம்."

"அண்ணன் ஒரு பொடி குடுக்கும் டாக்டர்" என்றாள் தங்கை.

"வெறும் இலைத்தூள் சார். நானே தினம் சாப்பிடறேன், பாருங்க, கல்லு மாதிரி நிக்கறேன்" என்றேன்.

அவளும் தலையாட்டினாள். மறுநாள் மத்தியானம் மச்சான் போய்விட்டார்.

அவர் வேலைச் சட்டையைத் தங்கை துவைக்க எடுத்தபோது பையில் அவர் மறந்துபோன பிரிக்காத பொட்டலம் ஒன்று இருந்ததாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக உங்கள் ஆபீஸுக்கு வந்து கொடுத்துவிட்டாள். அவள் கல்யாணத்துக்குக் கல் சுமந்தவன் நான். கூடப்பிறந்தவளே இப்படிக் கழுத்தறுப்பாள் என்று யார் நினைப்பார்கள்?

மச்சான் உயிர் போகிறது என்று தெரிந்தும் குடும்ப விஷயத்தை நான் வெளியே விடவில்லை சார். அவளால் ஒரு வாரம்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.