உப்புத்தண்ணிக்கு எரிஞ்ச மூளை

மொதப் படம் கெட்டுப்போச்சுங்க டாக்டரம்மா. மிசினு மேல தப்பில்லை. தப்பு என்ற இடுப்புல.

சந்தோச மருந்து ஏத்தி, மூளையில எந்தப் பக்கம் எரியுதுன்னு பாக்கறமுன்னீங்க. ஏத்துனீங்க. எனக்கு வந்தது பயம். பன்னீர் வாசம், கோடித்துணி வாசம். மருந்து அப்படிப் பண்ணாதுங்களா? எனக்கென்னுங்க தெரியும், நான் புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணைக்காரன்.

சொல்றேன், இருங்க. மொதல்ல எழுதறதை நிறுத்துங்க.

உள்ளார உலோகம் ஒண்ணும் ஆகாதுன்னு உங்காளு என்ற அரணாக்கொடியக் கழட்டச் சொன்னான். இடுப்புல கெடந்த வெள்ளிக்கொடிங்க. திருகு கழலல. குறடு போட்டு வெட்டிப்புட்டான். அறுவத்தெட்டு வருசத்துல ஒருநாளு இடுப்பு வெறுசா இருந்ததில்லை. எங்கூருல அதைப் பொணத்துக்குத்தான் அறுப்பாங்க. அறுத்து, மல்லாக்கப் படுக்க வெச்சு, குழாய்க்குள்ளார தள்ளி, டமடமன்னு மோளமும் அடிச்சா? செத்துட்டேன்னே நெனச்சேன், அதான் பொணத்துக்குத் தெளிக்கற பன்னீரும் போத்தற கோடியும் வாசமடிச்சுது. சந்தோசம் எங்கிருந்து வரும்?

சிரிக்காதீங்க சாமி.

ரெண்டாவது படமா? மூளை பூராவும் எரியுதுங்களா? அந்த ஊசியில என்னுங்க இருந்துச்சு? வெறும் உப்புத்தண்ணியா! அடேங்கப்பா. இத்தாப் பெரிய மிசினு, உப்புத்தண்ணிக்கு எரியுது.

வாசமா? வந்துச்சுங்க. மாட்டு வாசம். எங்கூட்டுல மாடு இல்லீங்க. வித்து மூணு வருசமாச்சு. நாந்தான் வித்தேன், ஊட்டுக்காரி பொன்னாயியக் கேக்காம. அவ கன்னுல இருந்து வளத்த மாடு. அன்னையிலிருந்து எங்கிட்டப் பேச்சில்லை. சோத்த வெப்பா, சோறு வெச்சிருக்குதுன்னு செவுத்துகிட்டச் சொல்லுவா. இங்கயும், தொணைக்கு ஆளு இல்லாம ஊசி போடமாட்டமுன்னு நீங்க சொன்னதாலதான் வந்தா. வாயத் தொறக்கல.

நேத்து மொதப் படம் முடிஞ்சு வெளிய வந்தேன். வெறும் இடுப்பைப் பாத்தா. இன்னிக்கு நான் உள்ளார போறப்ப மடியிலிருந்து கறுப்புக் கயிறு எடுத்தா. நூலுதானுங்க, உங்க மிசினுக்கு ஆகும். கதவுகிட்ட நிறுத்தி அவளே கட்டுனா. மூணு முடிச்சு. கட்டிப்போட்டு, செவுத்தைப் பாக்கல, என்னயப் பாத்தா. சுருக்கா வாங்கன்னா.

அவ்வளவுதானுங்க. போறேன், வெளிய நிக்கறா.

அந்தக் காயிதத்துல மருந்துப் பேருன்னு ஒரு கோடு காலியாக் கெடக்குதே? எழுதிக்கங்க. பொன்னாயி.